சின்னவன் எங்கிருந்தாலும் வரவும்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை. ஃபோனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், வாய்விட்டுத் திட்ட முடியாது. அதனால்தான் கடிதம். முழுதாகப் படி.

அம்மாவின் கண் விஷயம் உனக்குத் தெரியும். இடது கண் போய்விட்டது. வலது கண்ணையாவது காப்பாற்ற இந்த மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். "சின்னவன் வரட்டும்" என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். நீயோ மூன்று மாதமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடிக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். கடைசி நாள், கூட்டம் நெரிந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டாம் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். "சின்னவன் வரேன்னு சொல்லியிருக்கான். அவன் வந்ததும் பழையபடி மூணு பேருமா உள்ள போலாம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வியாழக்கிழமை நீ பேசியது நினைவிருக்கிறதா? அவள் கண்காட்சியைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவிலேயே நீ, "சரிம்மா, அப்ப நான் வரேன்" என்று ஃபோனை வைத்துவிட்டாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நீ கழன்றுகொள்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. யாருக்கும் புரியும். ஐந்து வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பவளுக்கு எப்படியடா புரியும்? மூன்று நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. உன்னைத் திடீரென்று காட்டி என்னை அசத்த நினைத்தாளாம்.

ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்தால் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டாள் என்று மறுத்துவிட்டாள். நான் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், காணாமல் போன குழந்தைகளுக்காக மைக்கில் அறிவிப்பார்களே, அந்த மேசைக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த பெண் பேர் கேட்டாளாம். "சின்னவன்." வயது? "நாப்பத்தொண்ணு." என்ன நிறச் சட்டை? அதற்கு மட்டும் அம்மாவிடம் பதில் இல்லை. சின்னவன் எங்கிருந்தாலும் இரண்டாம் வாசலுக்கு வரவும், அம்மா காத்திருக்கிறார் என்று மூன்று முறை அறிவித்தார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன். "அவன் வரலைம்மா, ஃபோன வைக்கிறதுக்கு அப்படிச் சொன்னான்" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலை இருந்திருக்கும், பாவம்" என்றாள். பாவமாம்! அப்போதும் நீதான் பாவம்.

பிறகு உள்ளே போனோம். டேலியா வரிசையில் ஒரு பூவின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, "இந்த வெள்ளை எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு" என்றாள். அந்த வரிசையில் வெள்ளையே கிடையாது, எல்லாம் கருஞ்சிவப்பு. எனக்காகத் தெரிவதுபோல் நடிக்கிறாள். "ஆமாம்மா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் காரணத்தைச் சொன்னாள். ஆபரேஷனில் ஏதாவது ஆகி இருக்கிற பார்வையும் போய்விட்டால்? அதற்கு முன்னால் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். கூடவே இருக்கும் என் முகம் அவளுக்குப் பழகிப்போயிற்று போலிருக்கிறது. அந்த எரிச்சலும் எனக்கு உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

இனிமேல் ஃபோனை வைக்கும்போது "வெச்சிடறேன்" என்று சொல். "வரேன்" என்று சொல்வதானால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல். ஆபரேஷனுக்கு இருபத்தாறாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு திட்டியும் உன்னை வாழ்த்தாமல் முடிக்கக் கை வரவில்லை. நன்றாக இரு, நல்லபடியாக வந்து சேர். வந்ததும் தூரத்தில் நின்று "அம்மா" என்று கூப்பிடாதே. அந்தப் பூவைப் போல அவள் முகத்துக்குக் கிட்டே போ. என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறாய் என்று நீயே சொல்லிவிடு.

உன் அக்கா