பல்லி வீரனின் கால்

செவ்வாய், இரவு.

ஸ்டீபனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். சர்க்கரையால் புண் முற்றி, போன வாரம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்களுக்குள் ஒரே சண்டை, பல்லி வீரன் கார்ட்டூனைப் பற்றி. வில்லன் வெட்டிய கால் அடுத்த வாரம் முழுசாக இருக்கும். அது முளைக்கிற சக்தி என்பான் அவன். வரைகிறவன் மறந்துவிட்டான் என்பேன் நான். முளைப்பதைக் காட்டினார்களா, காட்டாதது கணக்கில் கிடையாது என்று சொல்லியே அவன் வாயை அடைப்பேன். போன மாதம்கூட, பருத்திப்பட்டு ஏரிக்கரையில்.

இன்று கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தேன். "நீ சொன்னதுதான்டா சரி. அது முளைக்கும்" என்றேன்.

"இன்னா மச்சான், இப்ப வந்து வுட்டுக் குடுக்குற?" என்றான். "காட்டாதது கணக்குல கெடையாதுன்னு நீதானே சொல்லிகினு இருந்த?"

போர்வையை விலக்கினான்.

"காட்டிட்டேன். இப்ப சொல்லு."

இத்தனை வருடமும் கடைசி வார்த்தை என்னுடையதுதான். இன்றும் அப்படித்தான். கடைசி பஸ் போய்விடும், கிளம்புகிறேன் என்றேன்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.