எந்தப் பெயருக்குச் சாமி அசைந்தது

மகன் பஷேத்துக்கு அப்பா எழுதுவது. மேற்குக் கரைத் தெய்வங்கள் தயவில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், வடக்கே மெம்பிஸில் உனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று அமுனை தினமும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. உன் தங்கை வெப்கெத் ஊறவைத்த பீர் கெட்டுப்போய் வீடே நாறுகிறது. இந்த மாதத்துக் கூலி மீன் இன்னும் வந்து சேரவில்லை. இதையெல்லாம் எழுதிக் கடத்துகிறேனே தவிர, சொல்ல வேண்டியதற்குக் கை வரமாட்டேன் என்கிறதடா.

நீ படகேறிய மறுநாள், கல்லறை வேலைக்கு மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் செப்பு உளிகளில் ஒன்றைக் காணவில்லை. பழி பக்கத்து வீட்டுக் கென்னா மேல் விழுந்தது. அவன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். உறுதியானால் நூறு அடி, அப்புறம் பாலைவனத்தில் கல் உடைக்க வேண்டும். உன் பாயைச் சுருட்டப்போன அம்மா, அடியில் அந்த உளியைச் சுற்றியிருந்த வெறுந்துணியைக் கண்டாள், மேஸ்திரியின் முத்திரையோடு. துணிய அடுப்புல போட்டுட்டேன், நீங்க வாயத் தொறந்தீங்கன்னா ஆத்துல போய் விழுந்துடுவேன் என்றாள்.

நேற்று சாமியைப் பல்லக்கில் தூக்கிவந்து திருடன் யாரென்று கேட்டார்கள். பெயரைப் படிக்கும்போது சாமி முன்னால் வந்தால் திருடன், பின்னால் போனால் இல்லை. பல்லக்கின் முன் தண்டைத் தாங்கும் வலது தோள் என்னுடையதுதான், உனக்குத் தெரியும். கென்னா பெயரைப் படித்ததும், பின் தண்டைத் தூக்கியவர்கள் முன்னால் தள்ளினார்கள். நான் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தேன். சாமி பின்னால் போனது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். கூட்டத்தில் யாரோ, ஊருக்குப் போனவன் பேரையும் படிங்கய்யா என்றான். அம்மா என்னையே பார்த்தாள். உன் பெயரைப் படித்தார்கள், சாமி முன்னால் வந்தது. சாமி நடந்துச்சா, நீங்க நடந்தீங்களா என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நான்தான் நடந்தேன்.

உன்னைப் பிடிக்கக் காவலர் படகு நாளை மறுநாள் கிளம்புகிறது. இந்தக் கடிதம் அதற்கு முன்னால் இன்றைய தானியப் படகில் வருகிறது. ஓடாதே பஷேத், உளியோடு நீயே துறையில் போய் நில். தானாக வந்தால் அடியைக் குறைப்பதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வேளைக்குச் சாப்பிடு, பயப்படாதே.

இன்னொன்றையும் தெரிந்துகொள். இந்தக் கடிதத்தைக் காட்டினால், சாமியைத் தன் இஷ்டத்துக்கு நடத்தியவன் என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள், நீ தப்பிக்கலாம். கிழித்துப்போடு என்று நான் எழுதப்போவதில்லை. அமுன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும்.

உன் அப்பன்,
நெப்ரே