ஸ்கேட் பார்க்கில் ஒரு லாரி

மார்ச் 3, செவ்வாய்

ஆற்றோரப் பாதையை மூடிவிட்டார்கள். குழாய் பதிக்கிறார்களாம். இரண்டு வருடமாகக் காலை ஆறு மணிக்கு என் லாங்போர்டில், அதாவது நீளமான சக்கரப் பலகையில், ஏறி, அந்தத் தார்ப் பாதையின் கடைசிவரை போய்த் திரும்பி, அப்புறம்தான் மூக்குக் கண்ணாடிக் கடையில் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பு வரும். இன்று போனால் தகர அடைப்பு. ஓர் அறிவிப்பு: "சக்கரப் பலகை ஓட்டுவோர் பொது ஸ்கேட் பார்க்கைப் பயன்படுத்தவும்." அந்தப் பாதையில் ஓட்டுவது நான் ஒருத்திதான். ஓட்டுவோர் என்பதை மரியாதைப் பன்மையாக எடுத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது சொன்னேன், சனிக்கிழமை அங்கே போகிறேன் என்று. மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மூன்று வருடமாக அது அவளுடைய இடம்.

"நீயா? அங்கயா?"

"பொது இடம்தானே."

"வா. ஆனா என்னைத் தெரியாத மாதிரி இரு."

சரி என்றேன். இவளைத் தெரிந்துகொள்ள நான் இருபத்திரண்டு மணி நேரம் பிரசவ வலி பட்டேன். தெரியாமல் இருப்பதற்கு ஒரு நொடி போதும் போல.

என் வீட்டுக்காரர் மட்டும் யோசனையாகக் கேட்டார்: "ரெண்டு பேரும் கை கால ஒடிச்சுக்கிட்டு வந்தா யாரு சமைப்பா?" நல்ல கேள்வி. விடை தினமும் அவர் எதிரில் நின்றுகொண்டுதான் தலை வாருகிறது, அலமாரிக் கண்ணாடியில்.

மார்ச் 7, சனி

போனேன்.

தண்ணீர் இல்லாத நீச்சல் குளங்கள் மாதிரி சிமென்ட் பள்ளங்கள். ஒன்று ஆழம், ஒன்று ஆழமில்லாதது. சுற்றிலும் சரிவுகள், கம்பிகள், படிகள். எல்லோரிடமும் கை நீளத்துக்கு ஒரு குட்டிப் பலகை. நான் என்னுடையதைக் கீழே வைத்ததும் பேச்சு நின்றது.

அங்கே ஒருவன் இருக்கிறான். முப்பது வயது இருக்கும், தாடி, இடுப்பில் கை. பக்கத்துத் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். ஆனால் யார் எப்போது இறங்கலாம், எங்கே நிற்கலாம் என்று உத்தரவு போடுவதுதான் முழுநேர வேலை. மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். அவன் அதற்குள் எனக்கும் ஒன்று வைத்துவிட்டான்.

"அக்கா, லாரியெல்லாம் பைபாஸ்ல போகணும். ஊருக்குள்ள விடமாட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களைவிட ஒரு சுருதி கூட்டிச் சிரித்தது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை எனக்குத் தொட்டிலிலிருந்தே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், ஒப்பந்தப்படி.

'சுதந்திரம்' என்று பனியனில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தில் இறங்க இருக்கிற சட்டதிட்டம் பத்திரப் பதிவு ஆபீஸில்கூடக் கிடையாது. வரிசை உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. முறை உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். நான் மூன்று தடவை முறை தவறினேன். மூன்று தடவையும் பெருமூச்சு விட்டார்கள், கூட்டாக.

மார்ச் 8, ஞாயிறு

இடது முட்டி. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்று கவனித்தேன். அங்கே யார் விழுந்தாலும் 'அம்மா!' என்றுதான் விழுகிறார்கள். எத்தனை பச்சை குத்தியிருந்தாலும், காதில் எத்தனை வளையம் போட்டிருந்தாலும், சிமென்ட்டில் இடுப்பு பட்டதும் அம்மாதான். அங்கே இருக்கிற ஒரே அம்மா நான். காலையில் மட்டும் பதினொரு தடவை என் தலை திரும்பியது. கழுத்து வலிக்கிறது.

நான் பெற்றவள் மட்டும் இன்று விழவேயில்லை. அழகாகத்தான் ஓட்டுகிறாள். சொல்லத்தான் முடியாது.

மார்ச் 21, சனி

மேஸ்திரிக்குத் தூரப் பார்வை சரியில்லை!

பதினாறு வருடமாகக் கண் பரிசோதித்து லென்ஸ் போட்டுக் கொடுக்கிறவள் நான். அந்தக் கண் சுருக்கல் எனக்குத் தெரியாதா? எதிர்க் கரையைப் பார்க்கும்போதெல்லாம் இமையை இடுக்குகிறான். இன்று காவலாளியை நண்பன் என்று நினைத்து, "டேய் மச்சான்!" என்று கை அசைத்தான். காவலாளிக்கு அறுபது வயது. பதிலுக்கு சல்யூட் அடித்தார்.

பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாம் புரிகிறது. பள்ளத்தில் இறங்குவதற்கு முன் சும்மா கேட்கிற மாதிரி, "கிளியரா?" என்று யாரையாவது கேட்டுக்கொள்கிறான். ராஜா வீட்டுத் தோரணை என்றுதான் நினைத்திருந்தேன். பாவம், அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, அவன் கண் சுருக்குவது ஸ்டைல் என்று நினைத்து இரண்டு பேர் காப்பியடிக்கிறார்கள்.

பவர் மைனஸ் இரண்டரையாவது இருக்கும். சொல்லலாமா? எதற்கு? லாரி டிரைவர் சொல்லியா மேஸ்திரி கேட்கப் போகிறார். இடித்துக்கொண்டு தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏப்ரல் 4, சனி

ஆழமில்லாத பள்ளம் என் பலகைக்காகவே வெட்டினது போல இருக்கிறது. குட்டிப் பலகைக்காரர்கள் அதில் வெட்டி வெட்டித் திரும்புகிறார்கள். என்னுடையது ஒரு கரையில் ஏறி, மெதுவாகச் சாய்ந்து, ஒரே இழுப்பில் மறு கரைக்கு வருகிறது. நாலு சுற்று. கால் தரையில் படவில்லை. கடைசிச் சுற்றில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"போதும்க்கா, ரோட்ட மறிக்காதீங்க" என்றான் மேஸ்திரி.

மகள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "நாலாவது சுத்து பரவாயில்ல" என்றாள், ஃப்ரிட்ஜைப் பார்த்து.

ஏப்ரல் 11, சனி

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம். ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

மகள் ஆழப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சட்டை. சாம்பல் நிறச் சிமென்ட். மேஸ்திரி மேலே விளிம்பில். இன்று பக்கத்தில் யாருமில்லை, கேட்பதற்கு. கண்ணை இடுக்கினான். இறங்கினான்.

"அம்மா!"

இந்தத் தடவை தலை திரும்பவில்லை. கால் ஓடியது. எப்படிக் கீழே இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்தில் மேஸ்திரி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வெளுத்து. "அக்கா, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். இவங்க வீட்டு நம்பர் யார்கிட்டயாவது இருக்கா? வீட்டுக்குச் சொல்லணும்—"

"நான்தான்டா வீடு" என்றேன்.

காலர் எலும்பு முறிந்திருக்கிறது. மணிக்கட்டில் கீறல் விட்டிருக்கிறது. தலையில் அடியில்லை. தலையில் அடியில்லை. தலையில் அடியில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மார்ச் இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'இடித்துக்கொண்டு தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.' என் கையெழுத்துதான். எவ்வளவு அழகாக, எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறேன், ச்சே.

கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், உங்களுக்கு இது தெரியலையா, வண்டி ஓட்டாதீங்க சார் என்று கெஞ்சுகிறவள். முன்பின் தெரியாதவரிடம் கெஞ்சுவேன். இவன் என்னை லாரி என்றான் என்பதற்காக மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். மகள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"தப்பு என் மேலதான்மா. அங்க உக்காந்திருக்கக் கூடாது" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"இல்ல. அவனுக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது. எனக்கு அது முன்னாடியே தெரியும்."

"எப்பலேருந்து?"

"மூணு வாரமா."

"ஏன் சொல்லல?"

"என்னை லாரின்னு சொன்னான்ல."

எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியின் வாக்குமூலம்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள். "அப்ப எனக்கு இது சரியான தண்டனைதான், இல்ல?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பும்போது வலித்திருக்க வேண்டும். வலியைக்கூட எனக்குக் காட்டவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மேஸ்திரியின் கடைக்குப் போனேன். ஓர் ஆள் மட்டும் நிற்கலாம். திறந்து போட்ட செல்போன்களுக்கு நடுவில், மூக்கு உரசக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

"தம்பி, உங்களுக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது. கண்ணைக் காட்டணும்."

"எனக்காக்கா? கடுகு மாதிரி ஸ்க்ரூவ வெறுங்கண்ணால பாத்துக் கழட்டுறவன் நான்!"

"கடுகு கிட்ட இருக்கு. எதிர்க் கடை போர்டைப் படிங்க."

பார்த்தான். இடுக்கினான். "அது... ஜெராக்ஸ்."

"அது எப்பவும் அங்க இருக்கறதால தெரியும். கீழ சின்னதா எழுதியிருக்கறத."

ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான். "அன்னிக்கு நான் பாத்துட்டுதான்க்கா இறங்கினேன். சத்தியமா. யாருமே இல்ல."

மார்ச்சிலேயே தெரியும் என்று அவனிடமும் சொன்னேன். என்னைப் பார்த்துக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் பேசின பேச்சுக்கு யாருக்குத்தான் சொல்லத் தோணும்" என்றான். சிரிக்கவே வராத ஒருவன் சிரித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

வந்தான். வலது மைனஸ் இரண்டே முக்கால், இடது மூன்று. ஃப்ரேம் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம். கல்யாணப் பெண்கூட இவ்வளவு படுத்தமாட்டாள். போட்டுக்கொண்டு நிமிர்ந்து, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான்.

"அக்கா... உங்களுக்கு இவ்ளோ வயசா?"

கழற்றி வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

மே 9, சனி

மகள் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். தண்ணீர். மாத்திரை. ஜன்னலை மூடு. கையில் கட்டுப் போட்டிருப்பதால் தினமும் காலையில் தலை மட்டும் நான்தான் வாரிவிடுகிறேன். ஐந்து நிமிடம். நாளில் அவள் எனக்குக் கொடுக்கிற நேரம் அதுதான். சிக்கு இல்லாத நாளில்கூட மெதுவாகத்தான் எடுக்கிறேன்.

இன்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "பார்க்குக்குப் போறதில்லையா?"

"இல்ல."

"எனக்காகத் தியாகம் பண்றியா?"

"வெக்கமா இருக்கு, அதான்."

"அந்தக் கூட்டத்துல வெக்கம் இருக்கற ஒரே ஆளு நீதான். போ" என்றாள். "அப்புறம், இழுக்காத. வலிக்குது."

சமாதானமா என்று தெரியவில்லை. பின்னலை அவிழ்த்து இன்னொரு தடவை போட்டேன். விட்டாள்.

மே 30, சனி

கட்டைப் பிரித்தாகிவிட்டது. மூன்று மாதம் குதிக்கக் கூடாது. கம்பி, படி எதுவும் கூடாது. சமதரையில் நிதானமாக உருளலாம் என்றார் எலும்பு டாக்டர். மகள் அவரை முறைத்த முறைப்பில் அவர் பேனாவைக் கீழே போட்டார்.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் வாசலில் என் பலகையைக் காணோம். மகளையும் காணோம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்க்குக்கு ஓடினேன்.

ஆழமில்லாத பள்ளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், என் பலகையில். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவளுக்குப் பழக்கமே இல்லாத வேகத்தில், அதாவது மெதுவாக. என்னைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. நானும் கூப்பிடவில்லை. படியில் உட்கார்ந்தேன். மேஸ்திரி தூரத்திலிருந்தே கை அசைத்தான், சரியான ஆளைப் பார்த்து.

புதிதாக இரண்டு பெண்கள் பலகையோடு வந்து விளிம்பில் நின்றார்கள். என்னைக் காட்டி மகளிடம் கேட்டார்கள்: "அந்த ஆன்ட்டி யாரு? உன்னையே பாத்துட்டிருக்காங்க?"

"எங்கம்மா" என்றாள், பலகையை நிறுத்திவிட்டு. சத்தமாகவே. "அடுத்தது அவங்க முறை. நீங்க அப்புறம் இறங்குங்க."

பலகையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். எழுந்தேன்.