காது இல்லாத கவுண்டர்

மார்ச் 4, செவ்வாய்

"டீச்சர், காதுல சொல்லட்டுமா?" ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என் மேசை அருகே வந்து கேட்டாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்தேன். இரண்டே வார்த்தை சொன்னாள். என் சால்வையை அவள் இடுப்பில் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அது ஏன் ஞாபகம் வருகிறது? ஆஸ்பத்திரியில் கவுண்டரை மூடிவிட்டார்கள், அதனால்தான்.

கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. உள்ளே உட்கார்ந்து பெயர் எழுதும் பெண்மணியைக் காணோம். அதற்குப் பதிலாகக் கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை மெஷின். பெயர், வயது கேட்கிறது. பிறகு 'என்ன தொந்தரவு?' என்று கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் டோக்கன் வருகிறது. நான் கரும்பலகையில்கூட அவ்வளவு பெரிதாக எழுதியதில்லை. கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

சோர்ந்து கிடக்கிறாரே என்று நான் கூட்டிப்போன அண்ணிக்கு மெஷினைப் பார்த்ததும் ஒரே உற்சாகம். என் கணவரின் அக்கா. கணவர் இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உதவலாம் என்று பக்கத்தில் போனேன்.

"நீ தள்ளி நில்லு, டீச்சரம்மா. பொத்தான் அழுத்தறதுக்கு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

தள்ளி நின்றேன். டோக்கனில் 'உடல் சோர்வு' என்று வந்தது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 5, புதன்

மாத்திரை தொண்டையில் நிற்கிறதாம். எழுதிக் கொடுத்தவரே வந்து விழுங்கிக் காட்டட்டும் என்கிறார்.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. போகலாம் என்று சொன்னது அண்ணி. கையைப் பிடித்து இழுத்தாலும் வராத ஆள்!

நீண்ட வரிசை. மெஷின் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார். "காய்ச்சலா? வயித்துப்போக்கா? சட்டுனு அழுத்துங்கம்மா, பின்னாடி எத்தனை பேரு."

அண்ணியின் விரல் கட்டங்களில் மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சற்று நின்றது. பிறகு மேலே ஏறியது. மறுபடி 'உடல் சோர்வு'. விரல் நின்றதைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

அதே மாத்திரை. நிறம் மட்டும் வேறு.

மே 19, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

பழைய பருத்தித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இன்று மாடிக்கொடியில் போர்வைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். துவைத்தும் போகாத கறை.

"அண்ணி, என்ன இது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை துண்டு?"

உட்கார்ந்துவிட்டார். பிப்ரவரியிலிருந்து ரத்தம் படுகிறதாம். எல்லாம் நின்று இருபது வருஷம் ஆனவருக்கு.

"அந்த மெஷின்ல அதை அழுத்தியிருக்கலாமே, அண்ணி?"

"மூணாவது வரிசையில இருந்துச்சு. 'பெண்கள் நோய், ரத்தப்போக்கு'னு, ஒவ்வொரு எழுத்தும் தலையணை மாதிரி. ரெண்டு தடவையும் பின்னாடி ஆம்பளைங்க. முதல் தடவை நம்ம கீழ்வீட்டுக்காரர் தோளுக்கு மேல எட்டிப் பாக்கறார். நீயா இருந்தா அழுத்துவியா?"

சரி, டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவர் முன்னாடி சோர்வுன்னு போயிடுச்சே. மாத்திச் சொன்னா, அப்ப எதுக்கு அதை அழுத்தினேனு கேக்க மாட்டாரா? ரூம்ல இன்னும் ரெண்டு பேரு வேற உக்காந்திருக்காங்க." துண்டை மடித்துக்கொண்டே, "அந்தக் கவுண்டர்காரி இருந்திருந்தா சொல்லியிருப்பேன். ஜன்னல் ஓட்டையில காதைக் கொண்டுவந்து வெப்பா."

எக்ஸ்சேஞ்சில் எத்தனை பேருடைய ரகசியங்கள் அண்ணியின் காதில் விழுந்திருக்கும். ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை. அவருடைய ஒரே ஒரு ரகசியத்தைக் கேட்க அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு காது இல்லை. ஆஸ்பத்திரி மேல் கோபம். அவர் மேலும்தான் கோபம். என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன மெஷினா?

மே 20, செவ்வாய்

மெஷின் பக்கமே போகவில்லை. நேராகப் பெண்கள் பிரிவு. வாசலில் நர்ஸ் தடுத்தார்.

"டோக்கன் எங்கம்மா?"

அவர் காதில் சொன்னேன். அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார். அவ்வளவு சுலபம்.

மே 30, வெள்ளி

கர்ப்பப்பையில் புற்றுநோய்.

டாக்டர் நல்ல பெண். மெதுவாகத்தான் சொன்னார். கடைசியில், "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"வந்தோம். ரெண்டு தடவை வந்தோம்."

கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சோர்வுன்னுதானே இருக்கு."

"ஆமா. ஊரே பாக்க நிக்கவெச்சுக் கேட்டா அதுதான் இருக்கும்."

அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். எனக்கு வலிக்கக்கூட இல்லை.

ஜூன் 2, திங்கள்

நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன்.

"காத்திருக்கற நேரம் பாதியாக் குறைஞ்சிருக்கு, மேடம்."

"குறையாதா பின்ன? சொல்லாம விட்டதுக்கு நேரமே ஆகாதே."

"நோயாளிங்க தகவல் ரொம்பப் பாதுகாப்பா இருக்கு. பாஸ்வேர்டு இல்லாம ஒருத்தர் பாக்க முடியாது."

"பின்னாடி நிக்கறவருக்குப் பாஸ்வேர்டு எதுக்கு?"

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழ வாங்க சார். ரெண்டாவது வரிசையில மூலம்னு ஒண்ணு இருக்கு. அதை அழுத்தி டோக்கன் எடுங்க. நான் உங்களுக்குப் பின்னாடி நிக்கறேன்."

"எனக்கு எதுக்கு மேடம் மூலம்..."

"இல்லைன்னே வெச்சுக்குவோம். சும்மா அழுத்திக் காட்டுங்க."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு அதுவே பதில்.

புரியாதவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒரு கைகூட உயர்ந்து பார்த்ததில்லை. அதற்காக எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனேனா? நடந்து நடந்து ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து பார்க்க வேண்டும். குனிவதுதான் வேலையே. இதை அவரிடம் சொன்னேன். "நல்ல கருத்து, மேடம்" என்றார். அறையவேண்டும்போல இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. அண்ணி கண் விழித்ததும், "கத்திரிக்கிறவங்களுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார். வெளியே வந்து அழுதேன்.

ஜூலை 9, புதன்

என் புகாருக்குப் பதில் போனில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவையை மதிப்பிட ஒரு முகத்தைத் தொடுங்கள்.' ஐந்து பொம்மை முகங்கள். ஐந்தில் ஒன்றுகூட என் முகம் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கதிர்வீச்சு முடிந்து முதல் பரிசோதனை. குணமாகிவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே வருவோம் என்கிறார். அண்ணி பாதியாக இளைத்துவிட்டார். நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

மெஷினும் அப்படியே. பூந்தொட்டியில் தூசி.

எங்கள் முறை வந்தது. "குடைய விரி" என்றார் அண்ணி.

"உள்ளயா?"

"விரிடி."

என் கணவரின் பெரிய கறுப்புக் குடை. அண்ணிக்கும் வரிசைக்கும் நடுவில் விரித்துப் பிடித்தேன். செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"என்னம்மா இது, உள்ள மழையா?"

"ஆமாப்பா, எங்களுக்கு மட்டும்" என்றார் அண்ணி குடைக்குள்ளிருந்து.

அவசரமே படாமல் மூன்றாவது வரிசையைத் தொட்டார். டோக்கன் வந்தது. நான் குடையை மடக்கப் போனேன். பின்னால் நின்ற பெண் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அந்தக் குடை... ஒரு நிமிஷம்?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அண்ணி குடையை என் கையிலிருந்து வாங்கி அவளுக்குப் பின்னால் தானே பிடித்தார். மெலிந்த கை ஆடியது. ஆனாலும் என்னிடம் கொடுக்கவில்லை.

"நீ திரும்பி நில்லு, டீச்சரம்மா. குடைக்குப் பக்கவாட்டுல மறைப்பு கிடையாது."

திரும்பி நின்றேன். எனக்கு எதிரே வரிசையில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும்.

இதை யார் எப்போது படித்தாலும் சரி: அப்படி ஒரு மெஷின் முன்னால் யாராவது நின்றால், அவருக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்.