மைமீசை மன்னர் தந்த நாரையேரி

மழை பிழையாதிருக்க, மண் சலியாதிருக்க. கருங்கோட்டு நாடுடையவனும், மலைவாயிற் காவலனும், பேரப்பிள்ளைகளால் நாள்தோறும் தோற்கடிக்கப்படுபவனுமாகிய பெருஞ்சாத்தன், ஆம்பல்நாட்டு அரசமாதேவியும், மறைந்த எம் நண்பரின் துணைவியும், எமக்குத் தங்கை முறையுமாகிய அல்லியங்கோதையார்க்கு விடுக்கும் திருவோலை. தங்கள் வயலும் வாவியும் செழிக்க. தங்கள் திருமகன் இளந்தத்தன் நோயின்றி வளர்க. இங்கு யாம் நலம். முழங்கால்கள் மட்டும் எம் ஆணைக்கு அடங்குவதில்லை.

தங்கள் மைந்தரின் முடிசூட்டு விழாவுக்கு வாழ்த்துரைக்க யாம் அனுப்பிய தூதர் கொற்றங்கிழார், யானைமேல் வந்திறங்கி, நாரையேரி இனி நமதே என்று அறிவித்தார். அவை முழுதும் ஆரவாரித்தது. எல்லையிலிருக்கும் அவ்வேரியை எம் பாட்டனார் கேட்டும் பெற்றாரில்லை, எம் தந்தையார் படைகொண்டு சென்றும் பெற்றாரில்லை. அத்தகைய ஏரியை ஒரு வாழ்த்துரைக்கு ஈடாக வழங்கிய வள்ளலைப் பற்றி விரிவாகக் கூறுக என்றோம்.

பொன்முடி, மார்புக்கவசம், இடையில் வாள், முகத்தில் கரிய மீசை என்று தூதர் வருணித்தார். மன்னரின் கால்கள் பாதபீடத்தைத் தொட்டனவா என்று வினவினோம். தொடவில்லை என்றார். முடி தலையில் நின்றதா என்றோம். உள்ளே பஞ்சு வைத்திருந்ததாகத் தோன்றியது என்றார். மீசையைப் பற்றி வினவியபோது அவர் தம் காற்பெருவிரலைப் பார்த்தார். அது கண்மையால் வரைந்தது என்பது அதன்பின்னரே வெளிவந்தது. தங்கையே, எம் அவையின் ஆரவாரம் அவ்விடத்தில் அடங்கிற்று.

புதுமுடி சூடியவர் முதலில் கேட்பவர்க்கு இல்லையென்னலாகாது என்பது தங்கள் நாட்டு மரபாம். அதன்பொருட்டுப் பிள்ளைக்கு அன்று ஒரே சொல்லைக் கற்பித்திருந்தனராம்; தந்தோம் என்பதே அச்சொல். எம் தூதர் மரபுக்காக ஏரியைக் கேட்டு வைத்தார். அமைச்சர்கள் இடைபுகுந்து, ஒரு கூடை மீனைத் தந்து பேச்சை முடிப்பர் என்றே எண்ணியிருந்தார். பிள்ளையோ கற்ற சொல்லைக் கணீரென்று சொல்லிவிட்டது. முடியின் கீழிருந்து பிறந்த சொல் மீளாதாகையால், ஏரியை நம்பி உழும் ஊர்களை அமைச்சர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினராம்.

அதற்குப் பின் நிகழ்ந்ததே எம் நெஞ்சைச் சுட்டது. விடைபெறும் வேளையில் பிள்ளை தூதரை அருகழைத்து, ஏரியைத் தந்துவிட்டால் அதிலுள்ள வாத்துகளும் போய்விடுமோ என்று மெல்லக் கேட்டதாம். இவர் தலைவணங்கி, நீரோடு நீர்வாழ்வன யாவும் அடங்கும் அரசே என்று விடையிறுத்தாராம். பிள்ளை அழவில்லையாம். வாளைப் பிடித்தபடி நிமிர்ந்தே அமர்ந்திருந்ததாம். மீசை மட்டும் ஒருபுறம் கரைந்து வழிந்ததாம்.

கொற்றங்கிழார் கொடியவரல்லர், தம் பேரனைத் தோளிலேற்றித் தெருவெல்லாம் திரிபவர். அதே பிள்ளை கோவணத்தோடு கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்டிருந்தால் வாரியெடுத்துக் கண்ணைத் துடைத்திருப்பார். கவசம் அவர் கண்ணை மறைத்தது. இதை யாம் எடுத்துரைத்தபோது அவர் அவையிலேயே விம்மிவிட்டார். குருவி தலையில் பனங்காயை வைத்தால் குருவி பெரிதாவதில்லை, தங்கையே. அழவேண்டிய பிள்ளையால் அழ இயலாது போகிறது. காண்பவர்க்கும் அதைத் தூக்கிக்கொள்ளத் தோன்றுவதில்லை.

தந்தையில்லா அரியணை வெறுமையாகத் தோன்றலாகாது என்றே தாங்கள் அவ்வாறு அலங்கரித்தீர்கள் என்பதை அறிவோம். தாயின் அச்சத்தை யாம் இகழவில்லை. அவ்வச்சம் எம்போன்ற அண்டை நாட்டாரைக் குறித்ததாயின், அதனை இவ்வோலையோடு தீர்க்கின்றோம்.

முடியின் சொல் மீளலாகாது. ஆதலின் நாரையேரியை யாம் முறைப்படி பெற்றுக்கொண்டோம். பெற்ற பொருள் எமதாகையால், எமக்குப் பிரியமானவர்க்கு அதனைக் கொடுக்கவும் உரிமையுடையோம். அதனை ஆம்பல்நாட்டு மன்னர்க்கு அன்று, இளந்தத்தன் என்னும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வழங்குகின்றோம். முடியோ கவசமோ மீசையோ தரித்து வந்தால் இக்கொடை செல்லாது. பிள்ளை கோவணத்தோடு கரைக்கு வந்து, நீரில் குதித்த பின்னரே செல்லும். சாட்சியாகக் கொற்றங்கிழார் வருகின்றார். அவரும் கூடவே குதித்தல் வேண்டும் என்பது எம் ஆணை, அவர் எத்துணை மன்றாடினும் இரங்கற்க. பொன்முடி அரியணைமேல் தனியே காத்திருக்கட்டும். பிள்ளையின் தலை அதற்கு வளரும்வரை, அவ்வரியணையை எவர் தீய கண்ணால் நோக்கினும், எம் படை தங்கள் கோட்டை வாயிலில் காவலாக நிற்கும்.

இக்கொடையில் நீரும், நீருள் மீனும், கரையும், கரைமேல் நிற்கும் மருதமரங்களும் அடங்கும். மலைக்குறி பொறித்த எம் முத்திரை இட்டோம். கல்லும் கதிரும் உள்ளவரை இது நிலைபெறுக.

எழுத்தர் விட்டதை எம் கையால் பின்சேர்த்தது: வாத்துகள் எல்லாம் பிள்ளைக்கே.