செத்ததையும் எண்ணிப் போட்ட வேலி

எனக்குப் பேசப் பயம் வந்தபோதெல்லாம் முன்னால் போய் நின்ற என் அப்பாவுக்கு,

நம்ம வீட்டைச் சுற்றி இப்போது வெள்ளை வேலி நிற்கிறது அப்பா. மரமும் இல்லை, தகரமும் இல்லை. வினைல் என்று ஒரு வகை பிளாஸ்டிக். எல்லவில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகளைச் சுற்றி நிற்குமே, அதே மாதிரி. பண்டாரவளையில் பெட்டியாக வாங்கி வந்து, ஆள் வைக்காமல் நானும் அண்ணனுமே நட்டுப் பூட்டினோம்.

பெட்டிகளை இறக்கும்போது தோட்டத்து லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். "என்னா பட்டதாரியம்மா, ஹோட்டல் தொறக்கப் போறீங்களா? எங்களுக்கும் ஒரு ரூம்பு குடுங்க." நான் வழக்கம்போல தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஹோட்டலுக்கு இல்லை. உங்க மண்டையை உடைத்துக் கொன்ற முனியாண்டி மாமா பிணையில் வந்துவிட்டார். மறுபடியும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். காலையில் வாளியோடு பின்பக்கம் போன அம்மா, அவரைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு மொனராகலையிலிருந்து அண்ணன் முதல் பஸ்ஸில் வந்தது. முகம்கூடக் கழுவவில்லை. கூரையில் செருகியிருந்த, நீங்கள் தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தீட்டியது.

"ஒரே வெட்டு, பாப்பா. கழுத்துல. அதுக்கப்புறம் என்னைத் தூக்குல போட்டாலும் சரி."

அம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் கத்தியைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கண்ணில் படாவிட்டால் கை எழாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை. ஆறடி உயரத்தில், சந்து இல்லாத வேலி. அண்ணனிடம் கெஞ்சினேன். "அம்மா வெளிய வரணும்ல அண்ணே? வேலிய போட்டு முடிச்சிட்டு எதுன்னாலும் செய்யி."

"ரெண்டு நாளு. அதுக்கு மேல கேக்காத," என்றது.

நீங்கள் போன அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை அப்பா. குசினி அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து பார்த்தது நான் மட்டும்தான். மாமா இரும்பு அலவாங்கால் நம்ம வேலிக் கம்புகளை நெம்பிக்கொண்டிருந்தார். பழைய சண்டை. தனிவீட்டுக்குக் காணி பிரித்தபோது கணக்கப்பிள்ளை அளவுநாடா பிடிக்காமல், தண்ணீர் ஓடுகிற கானில் நின்று, "கான்லேர்ந்து பத்துச் செடி ஒனக்கு, அதுக்கு அங்கிட்டு அவனுக்கு" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாரே, அந்தச் சண்டை. நம்ம வேலி வரைக்கும் நீங்கள் எண்ணினால் பத்து. அவர் எண்ணினால் பதினொன்று. நடுவில் ரெண்டடி நிலம்.

நீங்கள் திட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினீர்கள். அவர் பின்னாலிருந்து கத்தினார். "செத்ததையும் எண்ணுடா! செத்ததையும் எண்ணு!"

நீங்கள் திரும்பிய முகம் எனக்கு மறக்காது. அண்ணனுக்கு முன்னால் பிறந்து மூன்று மாதத்தில் செத்துப்போன அக்காவைச் சொல்கிறார் என்று நினைத்தீர்கள். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ரெண்டு என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறவராயிற்றே நீங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

வேலைக்கு எடுத்த கத்தியை வீசினீர்கள். மாமாவின் ரெண்டு விரல்கள் கம்புகளுக்கு அடியில் விழுந்தன. அவர் அலவாங்கைத் தூக்கித் தோளில் அடித்தார். நீங்கள் விழுந்தீர்கள். விழுந்த பிறகு தலையில் இன்னொன்று. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். அதன் பிறகு நான் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதில்லை.

ரெண்டடி நிலம். மூன்று அடி விழுந்தது. ஒன்று உங்களுடையது.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கினோம். கானிலிருந்து தேயிலை நிரையோடு நூல் கட்டி, உங்கள் பத்தாவது செடியைத் தாண்டி மடக்கினோம். பெட்டிக்குள் இருந்த தாளை நான் வாசிக்க வாசிக்க அண்ணன் செய்தது. குழி ரெண்டரை அடி ஆழம், அடியில் சல்லிக்கல், தூணை நிறுத்தி ரசமட்டம் பிடிக்கணும், பிறகு கொங்கிரீட். ஆறடிக்கு ஒரு தூண். "இங்கிலீசுல எழுதியிருக்கானுவளா? ஒன் கெம்பஸ் படிப்பு இதுக்காவது ஒதவுதே," என்றது. கத்தி அதன் இடுப்பிலேயே இருந்தது. நம்ம அலவாங்கு வீட்டில் இருந்தும் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. அண்ணன்தான் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்தது, மண்ணில் வேறு யாரோ கிடப்பது மாதிரி.

மூன்றாவது குழி ஐந்தாவது செடிக்குப் பக்கத்தில், செடியே இல்லாத ஓர் இடைவெளியில் வந்தது. பிடுங்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஓரடி போனதும் அலவாங்கு மந்தமாக எதிலோ செருகியது.

"கல்லாடி?"

"கல்லுன்னா சத்தம் வேற அண்ணே."

படுத்துக் கையை விட்டேன். ஊறிப்போன, கறுத்த தூர். கையளவு தடிமன். இழுத்ததும் மட்கிய வேரோடு வந்தது. தேயிலைத் தூர் அப்பா. அங்கே ஒரு செடி இருந்து செத்திருக்கிறது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் கவ்வாத்துக்காரர். உயிரோடு இருக்கிற செடியைத்தான் வெட்ட முடியும், அதைத்தான் எண்ணுவீர்கள். மாமா செத்த செடியின் குழியில் புதுக்கன்று வைக்கிற வேலைக்காரர். அவருக்கு வெறும் குழியும் ஒரு செடிதான். ஆயுசு முழுக்க ரெண்டு பேரும் ஒரே மலையை வேறு வேறாக எண்ணியிருக்கிறீர்கள்.

அண்ணனிடம் சொல்ல வாய் திறப்பதற்குள், சத்தம் கேட்டு மாமா தன் வாசலுக்கு வந்துவிட்டார். வலது கையில் மூன்று விரல்கள். அண்ணன் அதைப் பார்த்தது. கம்புகளை உதைத்துக்கொண்டு ஓடியது. மாமாவைச் சுவரில் மோதி, முழங்காலால் வயிற்றில் அழுத்தி, கத்தியைக் கழுத்தில் வைத்தது. கத்தி பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கோடு கிளம்பிச் சட்டைக்குள் இறங்கியது. அவர் மனைவி செல்லம்மா அத்தை உள்ளே இருந்து அலறினார்.

வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட என் குரல் வெளியே வராது, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது.

"அண்ணே! கான்லேர்ந்து எண்ணு! செத்ததையும் எண்ணு!"

அண்ணன் விறைத்துப்போனது. நான் அந்தத் தூரைத் தூக்கிக் காட்டினேன். "மாமா, அன்னைக்கு நீங்க யாரைச் சொன்னீங்க? எங்க அக்காவையா, இந்தச் செடியையா?"

கத்திக்கு மேலே அவர் கண்கள் என் பக்கம் திரும்பின. "எந்த அக்காம்மா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார் அப்பா. அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. நீங்கள் ஒரு நிமிஷம் நின்று, எதைடா சொல்கிறாய் என்று கேட்டிருக்கக் கூடாதா?

அண்ணன் அவரை ஓங்கி அறைந்து கீழே தள்ளியது. பிறகு திரும்பி வந்து அலவாங்கை எடுத்து, குழியோரம் நடாமல் கிடந்த அந்த மூன்றாவது தூணை அடித்தது. வெள்ளைத் துண்டுகள் செடிகளுக்குள் பறக்கப் பறக்க அடித்தது. உங்களைத் திட்டிக்கொண்டே அடித்தது. தூண் தூள்தூளான பிறகும் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்து நூலை ஒரு செடி உள்ளே தள்ளிக் கட்டினேன். அண்ணன் வந்து தூணைப் பிடித்தது. அம்மா வந்து நின்றாள்.

"அந்தாளு உசிரை விட்ட எடத்த அவனுக்கே குடுக்கிறியா?"

"நம்மளது இல்லம்மா."

"படிச்சவ," என்றாள். வேலிக்கு வெளியே போய்விட்ட அந்தப் பதினோராவது செடியில் இருந்த கொழுந்தை எல்லாம் ஒட்டக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் வாளியோடு பின்பக்கம் போகிறாள். அண்ணன் மொனராகலைக்குத் திரும்பிவிட்டது. கத்தியைக் கொண்டுபோகவில்லை. மூன்றாவது தூணுக்குப் பதிலாக இப்போதைக்கு ஒரு கிளிரிசீடியாக் கம்பு நிற்கிறது.

மாமாவை நான் மன்னிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் இன்னும் என் கை இறுகுகிறது.

பதுளைக் கோர்ட்டில் வழக்கு எடுக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். மூன்று அடியையும் வரிசையாகச் சொல்வேன் அப்பா. முதல் அடி உங்களுடையது என்பதையும் சொல்வேன், கடைசி அடி நீங்கள் விழுந்த பிறகு விழுந்தது என்பதையும் சொல்வேன். அவர் என்ன கத்தினார், அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொல்வேன். யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்காது. வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் வேறு பக்கம் பார்க்க மாட்டேன்.

உங்கள் மூன்று பிள்ளைகளில் கடைசி மகள்,
பாப்பா