மூடாமல் போன மடை

மச்சான்,

இன்று காலை உன் ரப்பர் சப்பாத்தைக் கையில் எடுத்தேன். மைதானக் கொட்டிலில், புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால், நீ கடைசியாகக் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தேள் இருக்குமோ என்று கவிழ்த்துத் தட்டினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். தேள் வரவில்லை, காய்ந்த சேறுதான் கொட்டியது. கடலோரக் களப்பின் உப்பும் அழுகிய புல்லும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. நீ போன பிறகு வரும் முதல் மாரி இது.

நாலு நாளாக விடாத மழை. எங்கள் உதைபந்தாட்ட மைதானத்தில் ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றக் கோல் கம்பம் வரை தண்ணீர். தாழ்ந்த மூலையில் முழங்கால் அளவு நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் நின்றால் புல் வேரோடு அழுகிவிடும். கழகத்துக்காரர் எப்போது மடையைத் திறக்கப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். களப்புப் பக்கத்து மண் அணையை இரண்டு முழம் வெட்டிவிட்டால் முடிந்தது, இதற்கு என்ன யோசனை என்று அவர்களுக்கு. என்ன யோசனை என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து வருடம் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரித்துவிட்டு வந்தவன் நீ. அங்கே குளிர்காலம்தான் வேலைக்காலம் என்பாய். குளிர் தொடங்கியதும் கருகிய புல்லுக்கு மேலே வேறு விதை தூவி, நாள் தவறாமல் ஈரம் பார்த்து வளர்க்க வேண்டுமாம். திரும்பி வந்து, தலைமன்னாரில் கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் வெளியைப் பார்த்துவிட்டு, "மாரிதான் எங்கட குளிர்காலம்" என்று சொல்லி வேலையைத் தொடங்கினாய். நாலு பல் இரும்பால் நிலத்தைக் குத்திக் குத்தி வேருக்குக் காற்று விடுவாய். ஈரப் புல்லில் எவன் கால் வைத்தாலும் கத்துவாய். கழுதைகளோடு நீ பட்ட பாடு தனிக்கதை. எந்த வேலியாலும் புகுந்துவிடும். அவற்றின் குளம்புக் குழிகளை ஒவ்வொன்றாகக் குந்தியிருந்து மண் போட்டு நிரப்புவாய், பிள்ளையின் காயத்துக்கு மருந்து போடுகிறவன் போல.

மடை விஷயத்தில் மட்டும் நீ பகிடி விட்டதில்லை. கடல் வற்றுகிற நேரத்தில் திறக்க வேண்டும், ஏறத் தொடங்குமுன் மண்மூட்டை அடுக்கி மூட வேண்டும். திறந்தவன் மூடும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது, சோறும் அங்கேதான். அரை மணிக்கு ஒருதரம் ஓடுகிற தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைப்பாய். "கடல் வாறது கண்ணுக்குத் தெரியாது மச்சான், நாக்குக்குத் தெரியும்" என்பாய். மைதானத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து இருபது எட்டு வைத்தால் மேரியக்காவின் கிணறு. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் நல்ல தண்ணீர்.

சில வருடங்களுக்கு முந்திய அந்த மாரியில் நீ உன் அம்மாவை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாய். மடை என் பொறுப்பு. காலையில் திறந்தேன், தண்ணீர் நன்றாக ஓடியது. பத்து மணி போல வானம் கறுத்தது. பிறகு மின்னல். வெட்டவெளியில், கையில் மண்வெட்டியோடு நான் ஒருவன். சின்ன வயதிலிருந்தே மின்னல் என்றால் போர்வைக்குள் புகுகிறவன் நான் என்று உனக்குத் தெரியும். அடுத்த இடி பக்கத்துப் பனையில் விழுந்தது போல இருந்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். இடி விட்டதும் திரும்பிப் போகலாம் என்று வீட்டுக்குள் இருந்தேன். விடவில்லை. கடைசியில் வெளியே வந்தபோது காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மடை இருந்த இடம் ஆறு போல அகன்று, உப்புத் தண்ணீர் மேரியக்காவின் கிணற்றைச் சுற்றி நின்றது.

பின்னேரம் நீ வந்தாய். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாய், துப்பினாய். சேற்றில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாய். காற்றுக்குக் கடல் தானாக ஏறியது என்று ஊர் நம்பியது.

இரண்டு வருடம் அந்தக் கிணறு கரித்தது. தண்ணீர்ப் பவுசர் வருகிற நாளில் மேரியக்கா மஞ்சள் கானோடு வரிசையில் நிற்பதைக் கண்டால், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு ஒழுங்கையால் போவேன். மூன்றாவது மாரி நன்றாகப் பெய்த பிறகுதான் தண்ணீர் தேறியது. என் பயம் தேறவில்லை. யாராவது ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்றாலே, இதுதான் என்று நெஞ்சு அடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாரியும் மடையை நீயே திறந்தாய், நீயே மூடினாய். என்னை ஒருதரம்கூட இருக்கச் சொல்லவில்லை. அது இரக்கமா, நம்பிக்கை விட்டுப்போனதா என்று நான் கேட்கவும் இல்லை. போன பங்குனியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று கடல் வற்றுகிற நேரம் பார்த்து, உன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அணையை வெட்டினேன். இரண்டு தரம் மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. நிமிர்ந்தால், குடையோடு மேரியக்கா. ஓர் எட்டுப் பின்னுக்கு வைத்தேன்.

"பயப்பிடாதை தம்பி," என்றார். "உன்ர சிநேகிதன் சாகக் கிடக்கேக்க என்னைக் கூப்பிட்டுச் சொன்னவன். தான்தான் அண்டைக்கு மடையைத் திறந்துபோட்டு, மூட ஆள் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனது எண்டு. நீ பயந்த ஆள், நீ கவனமா மூடுவாய். எனக்கு உன்னில நம்பிக்கை."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் அணையில் அப்படியே இருந்துவிட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னது இதைத்தானா?

பதினொரு மணி போல மின்னியது. பொய் சொல்ல மாட்டேன், பத்து எட்டு ஓடினேன். பிறகு திரும்பி வந்தேன். அதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே, கிணறு திரும்பக் கரித்துவிடும் என்ற மற்றப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது. மண்வெட்டியைத் தூர வீசிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்து, நினைத்த நேரமெல்லாம் விரலை நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். திரும்பவும் நல்ல தண்ணீர். ஒருதரம் இலேசாகக் கரித்தது. மண்மூட்டைகளை இழுத்துப் போட்டு மடையை மூடினேன். மூடிய பிறகும் அரை மணி நேரம் அதன்மேல் ஏறி நின்றேன்.

நனைந்த உடுப்போடு நேரே மேரியக்காவின் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் குடித்தேன். உப்பில்லை. சத்தம் கேட்டு அவர் குசினி வாசலுக்கு வந்தார்.

"அக்கா, அண்டைக்கு மடையை விட்டிட்டு ஓடினது நான். என்னை நம்பித்தான் அவன் மன்னாருக்குப் போனவன்."

அவர் வாசற்படியில் குந்திவிட்டார். ஏசட்டும் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் என்னட்ட மன்னிப்புக் கேட்டவன்," என்றார் கடைசியில். "நான் குடுக்கேல்ல. ரெண்டு வருசம் கான் தூக்கினதை நினைச்சுக்கொண்டு, ஒண்டும் சொல்லாமல் எழும்பி வந்திட்டன்."

மச்சான், மின்னலுக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன், இந்த மனுசியின் கண்ணுக்கு எத்தனையோ வருடம் பயந்தேன். இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று பயப்பட மட்டும் எனக்குத் தெரியவில்லை. என் பிழைக்கு நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அது கிடைக்காமலே கண்ணை மூடியிருக்கிறாய்.

நாளைக் காலை தன்னை நீ கிடக்கிற சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் மேரியக்கா. உன் தலைமாட்டில் நின்று உனக்கு என்ன சொல்வாரோ, பிறகு என் பக்கம் திரும்பி என்ன சொல்வாரோ தெரியாது. சாப்பிட்ட பிறகும் நாக்கின் நுனியில் அந்த உப்பு நிற்கிறது. ஆனாலும் வருவேன். வானம் இடித்தாலும் அவர் பேசி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன். மடையைத் திறந்தவன் நான்.